பெரிமாவோட கட் கிளாஸ் ரெண்டு மாசம் அஞ்சு நாள் தாங்குச்சு

உங்க வீட்லயும் பெரியவங்க யாராவது கண்ணாடி அலமாரி நிறைய பழைய கட் கிளாஸ் (சக்கரத்துல கோடு கோடா வெட்டுன கண்ணாடி சாமான்) அடுக்கி வெச்சிருந்து, ஆத்திர அவசரத்துக்கு அத வித்துக்கலாம்னு நீங்க மனசுக்குள்ள ஒரு கணக்கு வெச்சிருந்தீங்கன்னா, முதல்ல எங்க கணக்க கேட்டுக்கோங்க. 63 பீஸ். வித்து கைக்கு வந்தது 10,250 ரேண்ட், சவுத் ஆப்பிரிக்கா காசு. பெரிமாவ பாத்துக்கற செலவுல மாசா மாசம் துண்டு விழுறது 4,730 ரேண்ட். வகுத்துப் பாத்தா ரெண்டு மாசம் அஞ்சு நாள், அவ்ளோதான்.

நான் திருநெல்வேலி பக்கம், கல்யாணம் ஆகி சவுத் ஆப்பிரிக்கால டர்பன் வந்து 22 வருஷம் ஆச்சு. பெரிமாங்கறது வேற ஒண்ணும் இல்ல, பெரியம்மா தான், இங்க அப்படித்தான் சுருக்கி கூப்பிடுவாங்க. என் வீட்டுக்காரரோட பெரிமா, அவங்களுக்கு புள்ளைங்க இல்ல, இவர வளத்ததே அவங்கதான். டர்பன்லயே சாட்ஸ்வொர்த்ங்கற ஏரியாவுல கவுன்சில் (முனிசிபாலிட்டி) கட்டிக்குடுத்த வீடு. வயசு 79.

அந்த கிளாஸ் வந்த கதைய சொல்லணும். பெரிமாவோட மாமனார் பீச் பக்கம் ஒரு ஹோட்டல்ல வெயிட்டர். அந்தக் காலத்துல டர்பன் பெரிய ஹோட்டல்ல எல்லாம் பரிமாறுறது நம்ம ஆளுங்கதான், வெள்ளத் தலப்பாவும் இடுப்புல பட்டையும் கட்டிகிட்டு. ஆனா அதே ஹோட்டல்ல ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உக்காந்து ஒரு டீ குடிக்க முடியாது. அவருக்கு அந்த டைனிங் ஹால் கிளாஸ் மேல ஒரு கிறுக்கு புடிச்சிடுச்சு. இங்கிலீஷ்கார குடும்பங்க ஊர விட்டு கெளம்பும்போது சாமான ஏலத்துல போடுவாங்க இல்ல, அங்க போய் சம்பளத்துல மிச்சம் புடிச்சு ஒண்ணொண்ணா வாங்கியிருக்கார். மனுஷன் சாராயமே தொட மாட்டாராம், ஆனா வீட்ல ஆறு டிகேன்டர், அதான் சாராயம் ஊத்தி வெக்கற மூடி போட்ட கண்ணாடி குடுவை. டர்பன்ல அவங்க இருந்த கேட்டோ மேனர்ல இருந்து, இந்த இனத்துக்காரங்க இந்த ஏரியாலதான் இருக்கணும்ங்கற குரூப் ஏரியாஸ் சட்டத்துல எல்லாரையும் காலி பண்ண சொன்னப்ப, 1965ல, இந்த கிளாஸ் எல்லாம் தகர ட்ரங்குல சீலைக்குள்ள சுத்தி சாட்ஸ்வொர்த்துக்கு வந்துச்சு. சீலைய மடிச்சது, பெட்டி மேல உக்காந்து லாரியில வந்தது எல்லாம் பெரிமாதான், அப்ப கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். அதனாலயோ என்னவோ மாமனார் உயில்ல ஒரு வரி எழுதி வெச்சார், கண்ணாடி சாமான் எல்லாம் என் மருமகளுக்குன்னு. மகனுக்கு இல்ல, மருமகளுக்கு. அந்த ஒரு வரிதான் பின்னாடி எங்கள காப்பாத்துச்சு.

2023ல பெரிமாவுக்கு ஸ்ட்ரோக். வலது கை கால் போச்சு. அப்புறம் மெதுவா நெனவும் தடுமாற ஆரம்பிச்சுது. அவங்க பாதி இங்கிலீஷ் பாதி தமிழ் பேசுறவங்க, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இங்கிலீஷ் போயிடுச்சு, தமிழ் மட்டும் தங்கிடுச்சு. இந்த குடும்பத்துல சரளமா தமிழ் பேசுறது நான் ஒருத்திதான். அதனால எல்லாத்துக்கும் நடுவுல நான்.

செலவ சொல்லிடறேன், இது 2024 கணக்கு. நானும் வேலைக்குப் போறேன், அவரும் போறார், அதனால பகல்ல பாத்துக்க ஒரு அக்கா வர்றாங்க, 9 மணி நேரம், வாரத்துல அஞ்சு நாள். அப்ப இங்க சட்டப்படி குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 27.58, அத விட கொஞ்சம் சேத்து நாளைக்கு 280 குடுத்தோம், மாசம் 22 நாளுக்கு 6,160. நாப்பி (டயப்பர்), படுக்கைக்கு விரிக்கற ஷீட், கிரீம் எல்லாம் சேத்து 1,300. மொத்தம் 7,460. வரவு, பெரிமாவோட முதியோர் பென்ஷன் 2,200 சொச்சம், அதுகூட கிராண்ட் இன் எய்ட் 530.

இந்த கிராண்ட் இன் எய்ட் பத்தி இங்க இருக்கறவங்களுக்கு கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். பென்ஷன் வாங்கற ஒருத்தர முழு நேரமும் இன்னொருத்தர் பாத்துக்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, பென்ஷனோட சேத்து சாசால (பென்ஷன், உதவித்தொகை எல்லாம் குடுக்கற கவர்மென்ட் ஆஃபீஸ்) தனியா இந்தப் பணம் தர்றாங்க. தானா வராது, நாமதான் போய் எழுதிக் குடுக்கணும். எங்களுக்கு இது தெரியவே தெரியாது, கோயில்ல கஞ்சி ஊத்தற அன்னிக்கு பக்கத்துல உக்காந்திருந்த ஒரு ஆண்ட்டி போற போக்குல சொன்னாங்க. எட்டு மாசம் கோட்ட விட்டிருந்தோம். அதாவது 4,000 ரேண்டுக்கு மேல. நாலு மாசம் முதுகு ஒடிய தொடச்சு, படம் எடுத்து, பேரம் பேசி கண்ணாடி வித்ததுல பாதி பணத்துக்கு கிட்ட, ஒரு ஃபாரம் நிரப்பாம விட்டதுல போச்சு. எதையும் விக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

அடுத்தது பேப்பர் சமாச்சாரம். ஸ்ட்ரோக் வந்த புதுசுல பெரிமா நல்ல நெனவோட இருந்தப்பவே என் வீட்டுக்காரருக்கு பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் குடுத்துட்டாங்க. அது இருக்கே, எப்ப வேணா வித்துக்கலாம்னு தெம்பா இருந்தோம். வேற ஏதோ வேலையா ஒரு வக்கீல பாக்கப் போனப்ப அவங்கதான் சொன்னாங்க, சவுத் ஆப்பிரிக்கால எழுதிக் குடுத்தவங்களுக்கு விஷயம் புரியற நிலைமை போயிடுச்சுன்னா அந்த பவரும் அதோட செத்துடும்னு. சில நாட்ல நெனவு போனாலும் செல்லுபடியாகற மாதிரி எழுதலாமாம், இங்க அது கெடையாது. அதுக்கப்புறம் வேணும்னா மென்டல் ஹெல்த் கேர் சட்டத்துல அவங்க சொத்த பாத்துக்க ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் போட சொல்லி மாஸ்டர் ஆஃபீஸுக்கு (உயில், சொத்து விவகாரம் பாக்கற கவர்மென்ட் ஆஃபீஸ்) எழுதணும், இல்லன்னா ஹைகோர்ட்டுக்குப் போய் அதே வேலைக்கு கியூரேட்டர் போடணும், ரெண்டுக்குமே நாளும் ஆகும் காசும் ஆகும், பத்தாயிரம் ரேண்ட் கண்ணாடிக்கு யார் அத பண்ணுவா? எனக்கு வயித்துல புளி கரைச்ச மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா அப்பவே பெரிமாவுக்கு காலைல தெளிவு, சாயங்காலம் ஆனா என்னையே யாருன்னு கேப்பாங்க.

அந்த வக்கீலம்மா ரொம்ப நல்லவங்க, ஒரு நாள் காலைல ஒன்பது மணிக்கு வீட்டுக்கே வந்தாங்க, டாக்டர்கிட்ட அதுக்கு முன்னாடி நாளே ஒரு லெட்டர் வாங்கி வெச்சிருந்தோம், சொல்றது இவங்களுக்குப் புரியுது, பதில் சொல்ற நிலையில இருக்காங்கன்னு. இங்கிலீஷ்ல அவங்க கேக்க, நான் தமிழ்ல கேக்க, பெரிமா தமிழ்ல சொல்ல, கோயில் தமிழ் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கற ஒரு சார் சாட்சிக்கு உக்காந்திருந்தார், நான் மாத்தி சொல்லிடக்கூடாதுன்னு. இது முக்கியம்ங்க, சொத்துல சம்பந்தப்பட்டவங்களே மொழிபெயர்ப்பாளரா மட்டும் இருந்தா நாளைக்கு யாரு வேணா வாய் திறக்கலாம்.

நான் தயங்கித் தயங்கி கேட்டேன். "பெரிமா, மாமா குடுத்த கண்ணாடி எல்லாம் விக்கலாமா? உங்கள பாத்துக்கற செலவுக்கு."

கொஞ்ச நேரம் அலமாரியவே பாத்தாங்க. "கண்ணாடி வந்தா எனக்கு பீ மூத்திரம் அள்ளப்போவுது? குடுத்துடு. அந்த ரெண்டு உப்பு கிண்ணி மட்டும் இருக்கட்டும்."

சார் இத இங்கிலீஷ்ல எப்படி நாகரிகமா சொல்றதுன்னு முழிச்சார் பாவம். வக்கீலம்மாவுக்கு தமிழ் தெரியாதுன்னாலும் சிரிச்சுட்டாங்க. லிஸ்ட்ல ஒவ்வொரு பீஸுக்கும் நம்பர் போட்டு, படம் ஒட்டி, இடது கை கட்டவிரல் ரேகை வாங்கி, போன்ல வீடியோவும் எடுத்து வெச்சோம்.

வெச்சது நல்லதா போச்சு. ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) இருக்கற ஒரு சொந்தக்காரர் போன் பண்ணி, அது எங்க தாத்தா சொத்து, எனக்கும் பங்கு உண்டுன்னார். பெரிமாவோடது கோயில்ல தாலி கட்டினதோட சரி, ரிஜிஸ்டர் பண்ணாத கல்யாணம், அவங்க எப்படி வாரிசுன்னு வேற கேட்டார், 79 வயசுல படுக்கையில கெடக்கறவங்கள. மாஸ்டர் ஆஃபீஸ்ல பழைய ஃபைல்ல இருந்து மாமனார் உயிலோட காப்பி எடுத்திருந்தோம், மருமகளுக்குன்னு பேர் சொல்லியே இருக்கு, அதனால ரிஜிஸ்டர் பண்ணாங்களா இல்லயாங்கற பேச்சுக்கே எடமில்ல. உயில் இல்லாம போனாலும் இந்து முறைப்படி மட்டும் கல்யாணம் பண்ணவங்களயும் மனைவின்னுதான் எடுத்துக்கணும்னு 2008லயே டர்பன் ஹைகோர்ட்ல தீர்ப்பு வந்திருக்குன்னு வக்கீலம்மா சொன்னாங்க. உயில் காப்பிய அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். புளூ டிக் விழுந்துச்சு, அதுக்கப்புறம் தீபாவளி வாழ்த்துதான் வந்துச்சு.

விலை விஷயத்துல எங்கள ஏமாத்துனது யாரும் இல்ல, ஒரு காகிதம். 1994ல இன்ஷூரன்ஸுக்காக எடுத்த மதிப்பு, 46,000 ரேண்ட்னு போட்டிருக்கு. முப்பது வருஷம் ஆச்சே, இப்ப லட்சம் தாண்டும்னு வீட்ல எல்லாரும் பேசிகிட்டோம். இன்ஷூரன்ஸ் மதிப்புங்கறது ஒடைஞ்சு போனா கடையில புதுசா அதே மாதிரி வாங்க என்ன ஆகும்ங்கறது. நாம விக்கப் போனா என்ன தருவாங்கங்கறது வேற. அதுவும் இல்லாம இப்ப இருக்கற புள்ளைங்க யாரும் டிகேன்டர் வெச்சு குடிக்கறதில்ல, டிஷ்வாஷர்ல போட முடியாத சாமானே வேணாங்கறாங்க. பெரியவங்க போனதும் எல்லா வீட்ல இருந்தும் இதே கண்ணாடிதான் மார்க்கெட்டுக்கு வருது, வாங்க ஆள் கம்மி.

அப்புறம் ஒரு பேச்சு, எல்லாம் வாட்டர்ஃபோர்ட்னு, அதான் கட் கிளாஸுக்கு பேர் போன அயர்லாந்து கம்பெனி. சாட்ஸ்வொர்த்ல எந்த வீட்ல கட் கிளாஸ் இருந்தாலும் அது வாட்டர்ஃபோர்ட்தான். எங்க 63ல ஒண்ணு கூட அது இல்ல. அந்த கம்பெனி 1851ல மூடி 1947லதான் மறுபடி தொடங்கியிருக்கு, மாமனார் வாங்குனதுல பாதி அதுக்கு முந்தின சாமான்.

எது நெஜ கட் கிளாஸ், எது அச்சுல ஊத்துனதுன்னு பிரிக்கவே எனக்கு மூணு வாரம் ஆச்சு. விரல வெச்சு கோடு மேல தடவினா சக்கரத்துல வெட்டுனது சுருக்குன்னு கூர்மையா இருக்கும், அச்சுல வந்தது மழுங்கலா இருக்கும், அதோட பக்கவாட்டுல மேல இருந்து கீழ வரைக்கும் அச்சு சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு தையல் மாதிரி ஓடும். ஈயம் கலந்தது அளவுக்கு மீறி கனக்கும், ஐரோப்பாவுல லெட் கிரிஸ்டல்னு போடணும்னா 24 சதவீதம் லெட் ஆக்சைடு இருக்கணும். கிண்ணிய விரலால சுண்டுனா கோயில் மணி மாதிரி இழுத்துகிட்டு சத்தம் வரும், ஆனா தடியான டம்ளர் நல்ல கிளாஸா இருந்தாலும் பாடாது, அத வெச்சு தள்ளிடாதீங்க. கம்பெனி பேர் அடியில ஆசிட்ல லேசா அச்சு போட்டிருப்பாங்க, கண்ணுக்கே தெரியாது, வாயால ஹான்னு ஊதி ஆவி படிய வெச்சு வெளிச்சத்துல சாய்ச்சா எழுத்து தெரியும். அப்படி ஊதி ஊதித்தான் 17 கிளாஸ்ல ஸ்டூவர்ட்னு ஒரு இங்கிலாந்து கம்பெனி பேர கண்டுபுடிச்சேன், தல சுத்திடுச்சு.

(இந்த ஈயம் சமாச்சாரம் படிச்சப்பதான் உறைச்சுது, பெரிமா வருஷக்கணக்கா மாங்கா ஊறுகாய கட் கிளாஸ் ஜாடியிலதான் போட்டு மேசை மேல வெச்சிருந்தாங்க. புளிப்பு பட்டா ஈயம் எறங்கும். சாப்பிடற நேரத்துக்கு வெச்சு எடுத்தா பரவால்ல, ஊற போடாதீங்க.)

டிகேன்டர் மூடிக்கும் கழுத்துக்கும் சின்னதா நம்பர் கீறியிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தாதான் ஜோடி. எங்க வீட்ல கழுவி கழுவி மாத்தி வெச்சிருந்தாங்க, ஆறுல நாலுக்கு தப்பு மூடி, ஒரு சாயங்காலம் பூரா சரி பண்ணேன். ஒண்ணு இறுகிப் போய் வரவே இல்ல. சொட்டு சமையல் எண்ணெய விளிம்புல விட்டு ஒரு ராத்திரி வெச்சா வரும்னு நான் சொல்லச் சொல்ல, எங்க வீட்டுக்காரர் குடு நான் எடுக்கறேன்னு முறுக்கினார், கழுத்தோட வந்துச்சு. ஆறு அஞ்சாச்சு. உள்ள வெள்ளையா மங்கி இருக்கறதுக்கு வினிகரும் அரிசியும் போட்டு குலுக்கினா அழுக்குன்னா போயிடும், ஆனா தண்ணி இருக்கும்போது பளிச்சுன்னும் காஞ்சதும் மங்கலாவும் ஆச்சுன்னா கண்ணாடியே அரிச்சிருக்குன்னு அர்த்தம், அதுல நேரத்த வீணாக்காதீங்க. கொதிக்கற தண்ணி வேண்டவே வேண்டாம்.

அதிக காசு எதுல வரும்னு நெனச்சோமோ அதுல வரல. பெரிய பழக் கிண்ணம், அலமாரி நடுவுல ராஜா மாதிரி நின்னது, 1,100தான். 17 ஸ்டூவர்ட் கிளாஸ், ஷெர்ரி ஒயின் குடிக்கற சின்னது 11, டம்ளர் 6, பாத்தா சாதாரணம், ஒண்ணு 200ன்னு மொத்தம் 3,400 வந்துச்சு. ஏன்னா அந்த ஃபாக்டரி 2001ல மூடிட்டாங்க, அதே டிசைன் செட் வெச்சிருக்கறவங்க வீட்ல ரெண்டு ஒடைஞ்சா அந்த ரெண்டத் தேடி அலையறாங்க. டிசைன் பேர கண்டுபுடிச்சு தலைப்புல போட்டேன், அளவு மில்லிமீட்டர்ல போட்டேன், மூணே நாள்ல போச்சு. கட் கிளாஸ் ஃபார் சேல்னு மட்டும் போட்ட மத்தது எல்லாம் ஆறு வாரம் கெடந்துச்சு.

ஏலக் கம்பெனிக்கு ரெண்டு ஐட்டம்தான் குடுத்தோம். கழுத்துல வெள்ளி வளையம் போட்ட டிகேன்டர், கறுத்துப் போயிருந்துச்சு, தொடச்சுப் பாத்தா நடக்கற சிங்கமும் நங்கூரமும், அதாவது ஸ்டெர்லிங் வெள்ளி, பர்மிங்ஹாம்ல முத்திரை குத்துனது. இன்னொண்ணு செவப்பு கலர் பொஹீமியன் (செக் நாட்டுப் பக்கம் செய்யற கண்ணாடி) பூ ஜாடி ஜோடி. ஏலத்துல 3,200க்கும் 1,800க்கும் போச்சு, மொத்தம் 5,000. அதுல கமிஷன் 20 சதவீதம் 1,000, அந்த கமிஷன் மேல வாட் 15 சதவீதம் 150, கைக்கு 3,850, அதுவும் ஒரு மாசம் கழிச்சு. ஃபாரம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கமிஷன், வாட், ரிசர்வ் விலை (இதுக்குக் கீழ விக்கக்கூடாதுன்னு வெக்கற விலை), விக்கலன்னா யாரு திரும்ப எடுத்துட்டு வர்றதுங்கற நாலையும் கேட்டுக்கோங்க.

மிச்சம் நாலு டிகேன்டர் 250 படி ஆன்லைன்ல போச்சு, 1,000. அதுலதான் ஒரு தம்பி வந்து மாட்டப் பாத்தான். பணம் அனுப்பிட்டேன் ஆண்ட்டி, இதோ பேங்க் ரசீது, வெளிய பக்கி (சின்ன பிக்கப் வண்டி) நிக்குது சீக்கிரம் குடுங்கன்னான். ரசீது பாக்க அச்சு அசல். என் பேங்க் ஆப்ல நான் பாக்கற வரைக்கும் குடுக்க மாட்டேன், பேஷேப்ல (நம்ம யூபிஐ மாதிரி) போடு, உடனே விழும்னேன். மழை வருதுன்னான். வரட்டும்னேன். போனவன் போனவன்தான்.

கடைசி 36 பீஸ், பெரும்பாலும் அச்சு கண்ணாடி, ஓரம் கொஞ்சம் தட்டுனது. செகண்ட் ஹேண்ட் கடைக்காரர் ஒருத்தர் 400 சொன்னார். அவர் ஐடி கார்டு கேட்டு ரிஜிஸ்டர்ல எழுதினார்னு என் வீட்டுக்காரருக்கு கோவம், ஆனா சட்டப்படி அவங்க அப்படித்தான் எழுதணும், எழுதாதவங்ககிட்டதான் நாம பயப்படணும். குடுக்காம வந்துட்டோம். அப்புறம் கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் பண்ற ஒரு அக்கா 900க்கு மொத்தமா எடுத்துகிட்டாங்க, தண்ணி ஊத்தி பூ மிதக்க விட. ஓரம் தட்டுனது பூ மறைச்சிடும்னாங்க. நியாயம்தானே.

டாக்ஸ் புடிப்பாங்கன்னு அந்த ஜோபர்க்காரர் ஆரம்பத்துல பயமுறுத்தினார். வீட்ல புழங்கற சொந்த சாமான வித்தா இங்க கேபிடல் கெயின்ஸ் வரி கெடையாது. ஆனாலும் பணம் பூரா பெரிமா அக்கவுண்ட்லயே போட்டு, எந்த நம்பர் பீஸ் எவ்ளோன்னு நோட்ல எழுதி, அந்த அக்காவோட சம்பள ரசீதும் அதே நோட்ல ஒட்டி வெச்சிருக்கேன். மாசத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யறவங்கன்னா அவங்கள யூஐஎஃப்ல (வேலை போனா கை குடுக்கற இன்ஷூரன்ஸ் நிதி) பதியணும், நாம 1 சதவீதம், அவங்க 1 சதவீதம். பெரிய தொகை இல்ல, ஆனா நாளைக்கு பெரிமா இல்லாம போனா அந்த அக்காவுக்கும் வேலை போகும் இல்ல.

ரெண்டு மாசம் அஞ்சு நாளுக்கு அப்புறம் என்ன பண்ணீங்கன்னு கேப்பீங்க. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை ஓவர்டைம் எடுக்கறார், அவரோட தங்கச்சி மாசம் 1,500 அனுப்புது, வாரத்துல ஒரு நாள் நான் வீட்ல இருந்து வேலை பாக்க கேட்டு வாங்கிட்டேன், அன்னிக்கு அந்த அக்காவுக்கு லீவு. இப்படித்தான் ஓடுது. வித்ததுக்கு முன்னாடியே இத உக்காந்து பேசியிருக்கணும், ஆனா அலமாரிய பாத்துப் பாத்து அதுலதான் எல்லாம் இருக்குன்னு நெனச்சு பேசாம இருந்துட்டோம்.

அலமாரிய மட்டும் யாரும் கேக்கல. நல்ல இம்புயா மரம், உள்ள லைட் போட்டது, இலவசமா எடுத்துக்கோங்கன்னு போட்டும் ஆள் வரல. இப்ப அதுல நாப்பி பாக்கெட்ட அடுக்கி வெச்சிருக்கோம், மேல் தட்டுல அந்த ரெண்டு உப்பு கிண்ணி. சாவி பெரிமா தலகாணிக்கு அடியில. ஒவ்வொரு தடவையும் அவங்கள கேட்டுதான் எடுக்கணும், அவங்களும் எத்தனன்னு எண்ணி பாத்துட்டுதான் சாவிய குடுக்கறாங்க.